ஊதாக் கோடு

எங்கள் மாடிக்குப் படம் எடுக்க ஏறி வந்த எவரும் தன் முகத்தைத் தானே திட்டாமல் இறங்கிப் போனதில்லை. "மூக்கு என்னங்க இப்பிடி வந்திருக்கு", "கண்ணு சொருகிக் கெடக்கு", "எழவு மூஞ்சி, இத எடுத்து என்ன ஆகப்போவுது" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு புலம்பல் இருக்கும். ஸ்டூடியோக்கார அக்கா ஒருத்தரையும் அப்படிப் பேச விடமாட்டாள். "அது உங்க மொகம் இல்லைங்க. லென்ஸு பண்ற வேல. உங்க மொகத்துல ஒரு குத்தமும் இல்ல" என்பாள். வியாபாரத்துக்குச் சொல்கிற பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பழகிய பிறகுதான் தெரிந்தது, அவள் அதை நம்பியே சொல்கிறாள்.

ஹட்டனில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். ஒன்றில் அவளுடைய ஸ்டூடியோ. மற்றதில் என் தையல் கடை. நடுவில் பலகைச் சுவர்தான். அவள் பக்கம் பேசுவதெல்லாம் என் மெஷின் ஓடாத நேரத்தில் எனக்குக் கேட்கும், நான் திட்டுவதெல்லாம் மெஷின் ஓடினாலும் அவளுக்குக் கேட்கும். இப்போது அங்கே போன் திருத்துகிற கடை வந்துவிட்டது. அக்கா கொழும்புப் பக்கம் போய்ச் சில வருஷங்களாகின்றன. அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவளுக்குப் பிடிக்காது.

அவளுக்கு ஒரே மகள். உலகத்துக் குறையையெல்லாம் லென்ஸின் தலையில் கட்டிய அந்த நல்ல குணம்தான், அந்த மகளின் உடம்பு சொன்ன ஒரு சேதியை அவள் கண்ணிலிருந்து மறைத்தது. பிள்ளை போய்விட்டாள். இதை யாரிடமும் கோர்வையாகச் சொல்ல என்னால் முடிந்ததில்லை. சொல்லத் தொடங்கினால் அழுகைக்கு முன்னால் கோபம் வந்து நிற்கும். யார்மேல் கோபம் என்று கேட்டால் அதுவும் தெரியாது.

முதலில் அந்த லென்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். கைக்குழந்தையின் தலை அளவு இருக்கும், கனமும் அப்படித்தான். கொழும்பில் கலியாணப் படம் எடுத்துக் களைத்துப்போன ஒருவரிடம் பழையதாக வாங்கினாள். அதன் கழுத்தில் 1.2 என்று எழுதியிருக்கும். "இந்த நம்பரு சின்னதாக ஆக, வாய் பெருசு தங்கச்சி. வாய் பெருசுன்னா கொஞ்ச வெளிச்சம் இருந்தாலே அள்ளிக் குடிச்சிரும்" என்று எனக்கு விளக்கினாள். எனக்கும் வாய் பெரிசு என்று கட்டடம் முழுக்கத் தெரியும். அதனால் கொஞ்ச நாளைக்கு அந்த லென்ஸுக்கு என் பெயரைத்தான் வைத்திருந்தாள்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு லென்ஸுக்குத் தேவை இருந்தது. மத்தியானம் கழிந்தாலே பனிமூட்டம் இறங்கிவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்து அறைக்குள் பகலிலும் விளக்குப் போடவேண்டும். பிளாஷ் அடித்தால் வயதானவர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். அக்கா அதைத் தொடவே மாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கந்தப்பளை, திம்புள்ள, கொத்மலை என்று தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போவாள். எல்லாம் வயதானவர்களைப் படம் எடுக்கத்தான். எங்கள் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் தோட்டத்துக்குத் திரும்புகிற முடக்கில் படத்தோடு பேனர் கட்டுவார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்த மனுஷிக்கு இருக்கிற ஒரே படம் அடையாள அட்டைப் படம். அதைப் பெரிதாக்கிக் கட்டினால் பொலிஸ் தேடுகிற ஆள் போல இருக்கும். உயிரோடு இருக்கும்போதே நல்ல படம் ஒன்று எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துதான் எடுப்பாள். அப்படி எடுத்தால் கண்ணும் மூக்கும் மட்டும் துல்லியமாக நிற்கும். முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஒழுகுகிற தகரம், கொடிக் கயிறு, ஈரச் சாக்கு எல்லாம் கரைந்து ஒரு மங்கல் நிறமாகிப் போகும். "நம்ம ஆளுங்க படத்துல எப்பவும் பின்னாடி லயம் நிக்குது. எதுக்கு நிக்கணும்? மொகம் நின்னாப் போதும்" என்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு கோபம் இருக்கும்.

வாயைத் திறந்து வைத்தால் ஒரு தொல்லையும் கூடவே வரும். வெளிச்சமும் இருட்டும் முட்டிக்கொள்கிற ஓரங்களில், மூக்குத்தி மினுங்குகிற இடத்தில், வெள்ளைத் துணியின் விளிம்பில், வானத்தை ஒட்டிய தலைமுடியில், மெல்லியதாக ஒரு ஊதாக் கோடு கசியும். "எல்லாக் கலரும் சொன்ன எடத்துல வந்து நிக்கும். இந்த ஊதா மட்டும் நிக்காம ஓரத்துல வழியுது பாரு" என்று திரையில் காட்டுவாள். வாயைக் கொஞ்சம் சுருக்கினால் கோடு போய்விடும். ஆனால் லயம் திரும்பி வந்துவிடும். அதனால் அவள் வாயைத் திறந்தே வைத்தாள், கோட்டைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழித்தாள்.

ஆரம்பத்தில் அழிக்காமல்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். திம்புள்ளப் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா பஸ் ஏறி வந்தார். படத்தை மேசைமேல் போட்டார். லயத்து வாசலில், வெள்ளைச் சேலையில், பின்னால் பனியோடு நின்றுகொண்டிருந்த அவருடைய படம். சேலையின் ஓரம் நெடுக ஊதா ஓடியிருந்தது.

"எம் புருஷன் போனதுலேருந்து வெள்ளதான் கட்டுறேன். எனக்கு எதுக்குங்க கலர் கர போட்டுக் குடுத்திருக்கீங்க? பாக்குற சனம் என்ன பேசும்? இந்த வயசுல இவளுக்கு மினுக்கு கேக்குதான்னு கேக்க மாட்டாங்களா?" என்று குரல் உடைந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து, வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. இந்தக் கரைய நீங்க கட்டல. லென்ஸு கட்டிவிட்டுருச்சு. இந்தா, இப்பவே அவுத்துப் போட்டுர்றேன் பாருங்க."

அவர் கண் முன்னாலேயே அந்தக் கோட்டை அழித்தாள். சேலை பழையபடி வெள்ளையானது. அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஊதாவைத் துடைக்காமல் ஒரு படத்தையும் அக்கா யார் கண்ணிலும் காட்டியதில்லை.

இன்னொரு தடவை நடந்தது அதற்கு நேர் எதிர். மொத்தமாக ஊதாவை எடுக்கிற ஒரு வசதி கம்ப்யூட்டரில் உண்டாம். அவசரத்தில் அதை இழுத்துவிட்டாள். கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டியிருந்த கலியாணப் பெண் படத்தில் சாம்பல் நிறச் சேலையோடு வந்து நின்றாள். பெண்ணின் அம்மா போட்ட சத்தத்தில் கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா சரிசெய்து கொடுத்தாள். அதற்குப் பிறகு மொத்தமாக எடுப்பதை விட்டுவிட்டு, ஓரம் ஓரமாகக் கையாலேயே துடைக்கப் பழகிக்கொண்டாள். படத்தைத் திறந்ததும் அவள் கை தானாக மூக்குத்திக்குப் போகும், சட்டைக் கழுத்துக்குப் போகும், உதட்டு ஓரத்துக்குப் போகும், நகத்துக்குப் போகும். நான் காஜா எடுக்கிற மாதிரி, மனசு வேறெங்கோ இருக்கக் கை மட்டும் வேலை செய்யும்.

குற்றத்தை மனிதர் மேலிருந்து இறக்கி வேறெதன் மேலாவது வைக்கிற இந்தப் புத்தி அவளுக்குப் படத்தோடு நிற்கவில்லை. அவளுக்கு நான் ஒரு ஜாக்கெட் தைத்தேன். தோள்பட்டை ஒரு பக்கம் ஏறிக்கொண்டது. போட்டுப் பார்த்துவிட்டு, "துணி சுருங்கிருச்சு தங்கச்சி" என்றாள்.

"துணி சுருங்கலக்கா. நான் கோணலா வெட்டிட்டேன். எங்கையத் திட்டுங்க" என்றேன்.

"நீ ஏன் கோணலா வெட்டுற? துணியில நூலு சரியில்ல."

"ஐயோ, நூலு நல்லாத்தான் இருக்கு! உங்களுக்கு ஒரு மனுசியத் திட்டத் தெரியாதா?" என்று நான் கத்தினேன். அவள் அந்தக் கோணல் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். ஆட்டோ ஓட்டுகிற அவளுடைய புருஷன், எனக்கு அத்தான் முறை, தீபாவளிக்குக் குடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து பாடினால், "அவரு இல்ல, அந்தச் சாராயம் பாடுது" என்பாள். நல்ல மனுஷர்தான். ஆனால் சாராயத்துக்கு அவ்வளவு மோசமான குரல் இருக்க முடியாது.

மகளை நாங்கள் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில் ஏ.எல். படிக்கிற அளவுக்கு வளர்ந்தும் பாப்பாதான். பள்ளிக்கூடம் விட்டதும் வெள்ளைச் சீருடையோடு நேரே மாடிக்கு வந்துவிடுவாள். வந்ததும் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கும். யாரையாவது படம் எடுப்பதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஜன்னலோர ஸ்டூலில் மகளை உட்காரவைத்துத்தான் அக்கா முதல் படம் எடுப்பாள். கன்னத்தில் கை, மடியில் கை, ஜன்னல் கம்பியில் கை என்று நாளுக்கு ஒன்றாவது இருக்கும்.

"எங்கம்மாவுக்கு நான் புள்ள இல்ல சித்தி. லைட்டு பாக்குற பொம்ம" என்பாள் என்னிடம். வாய் என்னைப்போல. என் கடையில் வந்து துண்டுத் துணிகளைப் பொறுக்கிக் காதில் தோடுபோல் தொங்கவிட்டுக்கொண்டு என்னைப்போலவே வாடிக்கையாளரை அதட்டிக் காட்டுவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அவள் சித்தி என்று கூப்பிடும்போது நான் வேலையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

படி ஏறி வரும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவாள். மூச்சு வாங்கும். வேறு அம்மாவாக இருந்தால் சோம்பேறி என்று திட்டியிருப்பாள். அக்கா திட்டவில்லை. "படி செங்குத்து. கட்டுனவன் கெடுத்து வச்சிருக்கான்" என்றாள். பிறகு புத்தகப் பை கனம் என்றாள். பிறகு குளிர் என்றாள். குளிர் என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டோம். மார்கழி தையில் எல்லோருடைய உதடும் கறுத்துத்தான் கிடக்கும், விரல் விறைத்துத்தான் போகும். நானும் ஒரு சுவெட்டர் வாங்கிக் கொடுத்தேன்.

ஒருநாள் நான் அக்காவுக்குப் பிளேன்டீ கொண்டுபோனபோது அம்மாவும் மகளும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள். திரை நிறையப் பாப்பாவின் முகம், கன்னத்தில் கை. வெள்ளைச் சீருடைக் கழுத்தில் ஊதாக் கோடு. மூக்குத்தியில் ஊதா. பாப்பா திரையில் தன் விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"அம்மா, ஏம்மா என் நகம் இந்தக் கலர்ல இருக்கு?"

"அது லென்ஸுடி."

"ஒதடும் அப்பிடித்தான் இருக்கு."

"எல்லாம் லென்ஸுதான். உனக்கு ஒண்ணுமில்ல. அம்மா எடுத்துர்றேன், பாரு."

அக்காவின் கை போனது. கழுத்துக்கு, மூக்குத்திக்கு, உதட்டுக்கு, ஒவ்வொரு நகமாக. முகம் ரோஜா நிறத்துக்கு வந்தது. "நடிகை மாதிரி இருக்க" என்றாள் அக்கா. பாப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். அறையில் டியூப்லைட் எரிந்தது, அந்த வெளிச்சத்தில் என் கையும் நீலமாகத்தான் இருந்தது. "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அவள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தது அதற்கு அடுத்த வருஷம். இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே கண்டிக்கு அனுப்பினார்கள். அக்காவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும், பயத்தில் அந்தக் கொஞ்சமும் போய்விடும். அதனால் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போனேன். இருதயத்தைப் பார்க்கிற டாக்டர் வயதான சிங்களப் பெண்மணி. நெஞ்சில் குழாயை வைக்கும் முன்னால் பாப்பாவின் விரல்களைத்தான் கையில் எடுத்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். உருண்டு திரண்டிருந்த விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். அந்த விரல்களை அத்தானின் ஜாடை என்றுதான் நாங்கள் இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"கவதா இந்தலாத மே பாட்ட?" என்று கேட்டார். எப்போதிருந்து இந்த நிறம்?

நான் தமிழில் சொன்னேன். அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மகளுடைய படங்களையெல்லாம் அதில்தான் வைத்திருந்தாள். நல்லபடியாகத்தான் இருந்தாள் என்று காட்டத்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். போன மாதம், போன வருஷம், அதற்கு முந்தைய வருஷம். எல்லாவற்றிலும் ரோஜா உதடு, ரோஜா நகம். டாக்டர் படத்தைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். இந்த விரல் ஒரு நாளில் இப்படி ஆகாது, படத்தில் எப்படி இப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நாந்தான் அழிச்சேன்னு சொல்லு" என்றாள்.

"அக்கா..."

"சொல்லு தங்கச்சி. எல்லாத்துலயும் இருந்துச்சு. நாந்தான் ஒண்ணொண்ணா அழிச்சேன்னு சொல்லு."

சொன்னேன். டாக்டர் போனை அணைத்து அக்காவின் கையில் வைத்து, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. குழந்தையாக இருக்கும்போதே கண்டிருந்தால் மூடியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்டுப் போய்விட்டன, இனி மூடினால் அதுவே உயிருக்கு ஆபத்து. உதட்டில் நிறம் தெரியத் தொடங்கும்போதே காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் அக்காவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் தெரியுமா! "அக்கா, நீங்க அழிக்காம இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. டாக்டரே சொல்லிட்டாங்க." தலையை ஆட்டுவாள். ஆனால் அது அவள் காதுக்கு அந்தப் பக்கம் போகவில்லை.

மாத்திரையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பாப்பா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து எல்லோரையும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். என் அளவு நாடாவைத் தன் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அக்கா கேமராப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒருநாள் பாப்பாவே கேட்டாள்.

"ஏம்மா இப்ப என்னய எடுக்க மாட்டேங்கிற?"

"வெளிச்சம் சரியில்லடி."

பாப்பா சிரித்தாள். "சரி, எடுக்காட்டிப் பரவால்ல. சும்மா பாத்துக்கிட்டாவது இரு."

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்குப் போய் அழுதேன். அந்த வருஷத்துப் பெரிய மழை முடியும் முன்னால் பிள்ளை போய்விட்டாள்.

முடக்கில் பேனர் கட்டினார்கள். அத்தான்தான் படத்தைத் தேர்ந்தெடுத்தார். நடிகை மாதிரி இருக்க என்று அக்கா சொன்னாளே, கன்னத்தில் கை வைத்த அந்தப் படம். ஊரே நின்று பார்த்தது. "எவ்வளவு லட்சணமான புள்ள" என்று தெரியாதவர்கள்கூட அழுதார்கள். அக்கா மட்டும் அந்த முடக்கால் போகமாட்டாள். குறுக்கே தேயிலைக்குள் இறங்கி, அட்டை கடிக்கக் கடிக்கச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வருவாள்.

செத்த வீட்டுச் சனம் கொஞ்சம் கலைந்ததும் அவள் ஸ்டூடியோவைத் திறந்தாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, வேலையில் மனசு ஆறட்டும் என்று. போய்ப் பார்த்தால், திரையில் பாப்பா. அழிக்காத பழைய படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்து, பெரிதாக்கி, உதட்டை, நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"எதுல ஆரம்பிச்சுதுன்னு தேடுறேன்."

"தேடி?"

"தெரியணும்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சீருடையின் ஓரத்திலும் ஊதா, மூக்குத்தியிலும் ஊதா, ஜன்னல் கம்பியிலும் ஊதா. நகத்திலும் ஊதா. "கம்பியில இருக்கிறது லென்ஸு. கழுத்துல இருக்கிறது லென்ஸு. இது லென்ஸா, புள்ளையா? நீ சொல்லு, உனக்குக் கலர் தெரியும்ல" என்றாள். நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்துகிறவள் நான். எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எந்த ஊதா கண்ணாடியில் வழிந்தது, எந்த ஊதா உடம்பிலிருந்து வந்தது என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது. அவள் தினமும் அதையே செய்தாள். படம் எடுக்க வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போதும்க்கா! எதுல ஆரம்பிச்சிருந்தா என்ன? எப்ப கண்டிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு அந்தம்மா சொல்லிட்டாங்களே. எத்தன தடவ சொல்றது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "காப்பாத்த முடியாது தங்கச்சி. எனக்கு வெளங்குது. ஆனா அவ கேட்டாளே. எங்கிட்ட வந்து, ஏம்மா இப்பிடி இருக்குன்னு கேட்டாளே. புள்ள தன் ஒடம்பக் காட்டிக் கேக்குது, நான் உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லி அழிச்சுட்டேன். படியில ஒக்காந்தப்பல்லாம் பக்கத்துல ஒக்காந்திருப்பேன்ல. தூக்கிட்டு ஏறியிருப்பேன்ல. அந்தப் பயத்தத் தனியா வச்சிருந்திருக்கா தங்கச்சி. அவ்வளவு நாளும் தனியா வச்சிருந்திருக்கா."

வாய் பெரிசு என்று பேரெடுத்தவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உன் போன்ல பாப்பா படம் ஏதும் இருக்கா?"

இருந்தது. முந்தின தீபாவளிக்கும் முந்தின தீபாவளிக்கு, நான் தைத்துக் கொடுத்த பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு படியில் நின்றாள். அன்றைக்கு அதிசயமாக நல்ல வெயில். புது வளையல் தெரிய இரண்டு கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு, என் போனைப் பார்த்து வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்டியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் பிள்ளை படத்தை எப்படி மறைப்பது? எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா அதைப் பெரிதாக்கினாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. வளையலின் விளிம்பைப் பார்த்தாள். "இங்க கோடு இல்ல" என்றாள். சட்டை ஓரத்துச் சரிகையைப் பார்த்தாள். "இங்கயும் இல்ல." படிக் கம்பியைப் பார்த்தாள். போனில் இருக்கிற சின்ன லென்ஸில் அந்த ஊதா வழியாது என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள். பிறகுதான் விரல்களுக்குப் போனாள். பத்து விரலும் நாவல்பழம் தின்ற வாய்போல இருந்தன. பிறகு உதட்டுக்குப் போனாள்.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அழவில்லை. கீழே பஸ் கொண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இதுதானா எம்புள்ள மொகம்" என்றாள்.

பிறகு அதைத் தன் கம்ப்யூட்டருக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். ஒரு இடத்திலும் கை வைக்காமல், ஒரு ஓரத்தையும் துடைக்காமல், அப்படியே பெரிதாகப் பிரிண்ட் போட்டாள்.

அத்தான் அதைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "நல்ல படம் அத்தன இருக்க இத ஏண்டி மாட்டுற? எம் மகள நோய்க்காரியா செவுத்துல தொங்கவிடுவியா?" அவர் குடித்திருக்கவில்லை. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் ஆணியை அடித்தாள். பதினாறாம் நாள் வரைக்கும் அவர் அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை, அவளோடு பேசவுமில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். படத்துக்கு மாலை போட்டுக் குத்துவிளக்கு ஏற்றியிருந்தது. அத்தானுடைய அத்தை ஒருவர் தலவாக்கலையிலிருந்து வந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"என்னம்மா இது, புள்ள ஒதடெல்லாம் ஒரு மாதிரி நெறமா இருக்கு? படம் எடுத்ததுல ஏதோ கோளாறு போல. நீதான் இதெல்லாம் சரி பண்ணுவியே, பண்ணி மாட்டக் கூடாதா?"

அத்தான் வாசல் பக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து சோற்றுச் சட்டியோடு வந்தவள் அப்படியே நின்றாள்.

"படத்துல ஒரு கோளாறும் இல்லைங்க அத்த. எம்புள்ளைக்கு ஒதடு அந்த நெறந்தான். நகமும் அப்பிடித்தான் இருக்கும், பாருங்க" என்றாள்.

அந்த அத்தை பார்த்தார். மாலை கனத்துச் சரிந்து பாப்பாவின் கைகளை மூடியிருந்தது.

அத்தான் எழுந்தார். படத்துக்குப் பக்கத்தில் போய், அந்த மாலையை மெதுவாக ஒதுக்கி, பத்து விரலும் தெரிய விட்டார்.